வீட்டு மனையில் பெரிய பாறையா? உடைப்பது, உருட்டுவது, அப்புறப்படுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலூர், கொட்டாம்பட்டி, அழகர்கோவில் சாலை, நாகமலை அடிவாரம் என்று மதுரையைச் சுற்றிப் பல ஊர்களில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது கடப்பாரை ‘ணங்’ என்று நின்றுவிடும். திருமங்கலம், பேரையூர் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. மற்றவர்களுக்கு இதுதான் முதல் தலைவலி. வீட்டு வேலைகளை மேற்பார்வை பார்ப்பவன் என்பதால் என்னிடம் இதைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

மண்ணுக்கு மேலே தெரிவது தனிக் கல்லா, அடிப்பாறையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இது தெரியாமல் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இரண்டுக்கும் செலவு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

நம் பகுதிக் கருங்கல் பூமிக்குள் இருக்கும்போதே வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் இறங்கி, ஓரம் ஓரமாக மக்கிக்கொண்டே வரும். மூலைகள் சீக்கிரம் கரையும், நடுப்பகுதி கெட்டியாக நிற்கும். பல்லாயிரம் வருடத்தில் அந்த நடுப்பகுதி உருண்டையாகி, சுற்றிலும் சரளை மண்ணாகிவிடும். நீங்கள் பார்க்கும் குண்டுக்கல் பெரும்பாலும் அப்படி வந்ததுதான். ஆகவே கல்லைச் சுற்றிக் கையாலோ ஜேசிபி வைத்தோ மூன்று நான்கு அடி பறித்துப் பாருங்கள். பக்கவாட்டு உள்பக்கமாக வளைந்து, அடியில் சரளை தெரிந்தால் அது தனிக் கல். பறிக்கப் பறிக்க விரிந்துகொண்டே போனால் அது அடிப்பாறை. அதை அப்புறப்படுத்தும் எண்ணத்தையே விட்டுவிட்டு வீட்டின் பிளானை மாற்றுவது நல்லது.

இன்னொன்று, சம்மட்டியால் நாலு இடத்தில் தட்டிக் கேளுங்கள். ‘கணீர்’ என்றால் கல் முழுசு, உள்ளே வெடிப்பு இல்லை. ‘பொத்’ என்றால் உள்ளே மக்கல் அல்லது கீறல் இருக்கிறது, வேலை சுலபம்.

நாலு அடி கல்தானே, ஆளை வைத்துத் தள்ளிவிட முடியாதா?

முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கருங்கல் ஒரு கன அடி சுமார் 75 கிலோ. உருண்டைக் கல்லுக்கு அகலம் × அகலம் × அகலம் போட்டு அதில் பாதியை எடுத்தால் ஏறத்தாழக் கன அடி வந்துவிடும். மூன்று அடிக் கல் ஒரு டன். நாலு அடி என்றால் இரண்டரை டன். ஐந்து அடி போனால் ஐந்து டன்னை நெருங்கும். ஆறு அடிக் கல் எட்டு டன்னுக்கு மேல். அகலம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு என்பதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஜேசிபி தூக்க முடியாத கல்லை உருட்டும், நகர்த்தும். ஹைட்ரா கிரேன் தூக்கும், ஆனால் கையை நீட்ட நீட்ட அதன் சக்தி குறையும். மனைக்குள் போக வழியில்லாமல் தெருவிலிருந்தே நீட்டித் தூக்கச் சொல்வது ஆபத்து. எடையை முன்பே சொல்லி வண்டியைக் கூப்பிடுங்கள்.

உடைக்கத்தான் வேண்டுமா?

நிறையப் பேருக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். கல் மனையின் ஓரத்தில், கட்டடம் வராத இடத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். சுற்றிலும் மண் நிரவி, பக்கத்தில் ஒரு வேப்பங்கன்று வைத்தால் பத்து வருடத்தில் வீட்டிலேயே நல்ல உட்காருமிடம் அதுவாகத்தான் இருக்கும். கூடுமானால் கல்லைப் பத்தடி உருட்டி ஓரங்கட்டுங்கள். ஜேசிபி ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலையை மூன்று நாள் உடைப்பாக மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் சரிவான மனையில், கீழே வீடு இருக்கும்போது உருட்டும் பேச்சே கூடாது. உருளத் தொடங்கிய கல்லை நிறுத்த வழி கிடையாது.

பக்கத்திலேயே குழி தோண்டிக் கல்லை உள்ளே தள்ளிப் புதைத்துவிடலாமா?

பழைய வழி, நல்ல வழி. கல்லுக்கு மேலே குறைந்தது ஒன்றரை அடி மண் நிற்கும்படி குழி வேண்டும். அஸ்திவாரம், செப்டிக் டேங்க், போர் போடப்போகும் இடம் எல்லாவற்றையும் விட்டுத் தள்ளித் தோண்டுங்கள். புதைத்த இடத்தை வீட்டு பிளானில் குறித்து வையுங்கள். உங்கள் பிள்ளைகள் பின்னால் அந்த இடத்தில் கிணறோ தொட்டியோ தோண்டக் கூடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். கல்லுக்கு அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டிருக்கும்போது குழிக்குள் ஆள் இறங்கக் கூடாது. மண்ணின் பிடியில்தான் அந்தக் கல் நிற்கிறது, பிடி போன கணத்தில் அது சாயும். கத்தக்கூட நேரம் இருக்காது. கட்டையை முட்டுக்கொடுத்திருக்கிறோம், சங்கிலி போட்டிருக்கிறோம் என்று சொல்லுவார்கள். இரண்டரை டன்னுக்குச் சவுக்குக் கட்டை முட்டு ஆகாது. பறிக்கிற வேலையை எந்திரம் வெளியே நின்று செய்யட்டும்.

வெடிமருந்துத் தோட்டா வைத்தால் ஒரே நாளில் முடியும் என்கிறார்களே?

வீட்டு மனையில் வேண்டவே வேண்டாம். வெடிபொருள் வாங்குவது, வைத்திருப்பது, வெடிப்பது எல்லாம் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்கும் 2008-ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டது. உரிமம் வேண்டும், சான்று பெற்ற வெடிப்பாளர் வேண்டும். ‘எனக்குத் தெரிந்த ஆள் குவாரியிலிருந்து நாலு குச்சி கொண்டுவருவார்’ என்று யாராவது சொன்னால், அவரோடு நீங்களும் குற்றவாளியாவீர்கள். சட்டத்தை விடுங்கள். குடியிருப்புக்குள் சிதறும் ஒரு சில்லு பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரை என்ன செய்யும் என்று யோசியுங்கள். வெடிக்காமல் உள்ளேயே தங்கிவிட்ட மருந்து இன்னும் மோசம், பிறகு உளி வைக்கும் ஆளின் கையில் அது வெடிக்கும்.

வெடி இல்லாமல் கையால் பிளப்பது எப்படி?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் நம் ஊர் வித்தை.

கருங்கல்லை அமுக்கி நசுக்குவது மிகக் கடினம். ஆனால் இரண்டு பக்கமும் இழுத்தால் அது தாங்காது. அமுக்கத்தைத் தாங்கும் பலத்தில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் இழுவையைத் தாங்கும். சம்மட்டியால் மேலே ஓங்கி அடிப்பவன் கல்லின் பலத்தோடு மோதுகிறான். ஆப்பு வைப்பவன் அதன் பலவீனத்தைப் பயன்படுத்துகிறான். மலைப்பாறைகளில் வரிசையாகப் பல் பதித்தது போலக் குழிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் இப்படி ஆப்பு வைத்த தடங்கள் அவை.

முதலில் கல்லின் வாகு பார்க்க வேண்டும். மரத்தில் நார் ஓடுவது போலக் கல்லிலும் ஒரு ஓட்டம் உண்டு. நம் பகுதியில் பல கற்களில் வெள்ளையும் கறுப்புமாகக் கோடுகள் தெரியும். அந்தக் கோட்டோடு பிளந்தால் கல் ஒத்துழைக்கும், குறுக்கே பிளந்தால் முரண்டு பிடிக்கும். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் மெல்லிய கீறல்கள்கூடக் கண்ணில் படும். ஈரம் காயும்போது கீறல் மட்டும் கறுப்பாக நிற்கும்.

பிளக்க வேண்டிய கோட்டில் நான்கு முதல் ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக, முக்கால் அங்குல விட்டத்தில் மூன்று நான்கு அங்குல ஆழம் துளை போடுங்கள். இப்போது வாடகைக்குக் கிடைக்கும் ஹேமர் டிரில்லே போதும். ஒவ்வொரு துளையிலும் இரண்டு இரும்புத் தகடு, நடுவில் ஆப்பு. வரிசையாக ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. திரும்ப முதலிலிருந்து ஒரு தட்டு. தட்டத் தட்ட ஆப்பின் சத்தம் மெல்ல மெல்ல உயரும். எல்லா ஆப்பும் ஒரே சுருதிக்கு வந்ததும் நிறுத்திவிட்டு ஒரு பீடி குடிக்கும் நேரம் காத்திருக்க வேண்டும் என்பார் எனக்கு இதைக் காட்டித்தந்த பெரியவர், கீழவளவு பக்கத்துக்காரர். அவர் நிறுத்திய நேரத்திலேதான் கல் ‘டப்’ என்று கீறும். அவசரக்காரன் அந்த நேரத்தில் இன்னும் இரண்டு அடி போட்டு ஆப்பை முறித்துவிடுவான்.

பாதியாக்கிய கல்லை மறுபடி பாதியாக்குவது முதல் தடவையைவிடச் சுலபம். மூலையிலிருந்து துணுக்குத் துணுக்காகக் கொத்துவதைவிட நடுவே பிளப்பதுதான் சிக்கனம்.

கெமிக்கல் பவுடர் ஊற்றினால் தானே வெடித்துவிடுமாமே, உண்மையா?

உண்மை. வெடிக்காது, பிளக்கும். சத்தமும் கிடையாது. அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. வெள்ளையடிக்க வாங்கிய கல் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து உப்புமல்லவா? அதே சுண்ணாம்பைப் பதமாகச் சுட்டு, உப்புவது மெதுவாக நடக்கும்படி செய்திருக்கிறார்கள். துளைக்குள் அடைபட்டு உப்பும்போது கல்லை இரண்டு பக்கமும் தள்ளுகிறது. ஆப்பு செய்யும் அதே வேலைதான்.

துளை ஒன்றரை அங்குல விட்டம், ஒரு அடி இடைவெளி, ஆழம் கல்லின் கனத்தில் முக்கால் பங்குக்கு மேல் இருக்க வேண்டும். இந்த அளவுக்கு ஹேமர் டிரில் காணாது, கம்ப்ரசர் வண்டி வர வேண்டும். ஐந்து கிலோ பவுடருக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் குளிர்ந்த தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்து ஐந்து பத்து நிமிடத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். பையில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

மதுரை வெயிலில் இதில் ஒரு சிக்கல் உண்டு. சித்திரை, வைகாசியில் பாறை தொட முடியாத அளவு சுடும். சூடான துளையில் ஊற்றினால் பவுடர் பொறுமையாக உப்பாமல் மேல்நோக்கிப் பீறிட்டு அடிக்கும். கொதிக்கும் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகும். ஆகவே கோடைக்கு என்று தனியாக விற்கும் ரகத்தையே கேட்டு வாங்குங்கள். பொழுது சாய்ந்து, பாறை ஆறிய பிறகு ஊற்றுங்கள். கண்ணாடி, ரப்பர் கையுறை இல்லாமல் பையைப் பிரிக்காதீர்கள். ஊற்றிய துளையை யாரும் குனிந்து எட்டிப் பார்க்கக் கூடாது. பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் ராத்திரி முழுக்க ஒருவர் காவல் இருக்க வேண்டும். மீந்த கரைசலைப் பாட்டிலில் ஊற்றி மூடி வைத்தால் பாட்டில் வெடிக்கும்.

பொதுவாக மறுநாளுக்குள் கீறல் தெரியும். தெரிந்ததும் கீறலில் தண்ணீர் விட்டால் இன்னும் அகலும். பழைய மண்சுவர் வீட்டை ஒட்டி, அதிர்வே கூடாத இடத்தில் கல் இருந்தால் நான் சொல்வது இந்த வழியைத்தான்.

பிரேக்கர் வைத்த வண்டியைக் கூப்பிட்டால் போதாதா?

வண்டி வர வழியும், பக்கத்துச் சுவருக்குத் தூரமும் இருந்தால் அதுதான் வேகம். சின்னக் கல்லுக்கு ஜேசிபி பிரேக்கர், பெரிய கல்லுக்கு ஹிட்டாச்சி. ஓட்டுநரின் அனுபவம் முக்கியம். ஒரே இடத்தில் அரை நிமிடத்துக்கு மேல் குத்திக்கொண்டே நின்றால் மாவுதான் பறக்கும், முனை சூடேறி மழுங்கும். ஓரத்திலிருந்து, கீறல் பார்த்து இடம் மாற்றி மாற்றிக் குத்துபவர்தான் தொழில் தெரிந்தவர். கீறலே இல்லாத முழுக்கல்லுக்கு முன்கூட்டியே நாலைந்து துளை போட்டுக் கொடுத்தால் வண்டி வாடகை பாதியாகக் குறையலாம்.

வேலை தொடங்குவதற்கு முன் பக்கத்து வீட்டுச் சுவர்களைப் போட்டோ எடுத்து வையுங்கள். அவர்களையும் கூட வைத்துக்கொண்டு எடுங்கள். பின்னால் வரும் சண்டையில் பாதி அப்போதே தீர்ந்துவிடும்.

கல்லின் மேல் டயர், விறகு போட்டு எரித்துத் தண்ணீர் ஊற்றினால் உடையும் என்கிறார்களே?

உடையும். ஆனால் எங்கே உடையும், எந்தப் பக்கம் தெறிக்கும் என்று எவரும் சொல்ல முடியாது. டயர் புகை வேறு. வீட்டு மனையில் செய்யாதீர்கள்.

தூசிக்கு என்ன செய்வது? துண்டைக் கட்டிக்கொண்டால் போதுமா?

போதாது. கருங்கல்லில் நிறையக் குவார்ட்சு இருக்கிறது. துளை போடும்போது பறக்கும் கண்ணுக்குத் தெரியாத தூள் நுரையீரலில் போய்த் தங்கினால் வெளியே வராது, தழும்பாகும். சிலிக்கோசிஸ் என்று பெயர். குணப்படுத்த மருந்து கிடையாது. கல்லுடைத்தே வாழ்ந்தவர்களில் பலர் ஐம்பது வயதில் மூச்சு வாங்கிப் படி ஏற முடியாமல் உட்கார்ந்திருப்பதை இந்தப் பக்கத்து ஊர்களில் பார்க்கலாம்.

உங்களுக்கு இரண்டு நாள் வேலை, அவர்களுக்கு ஆயுள் முழுக்க இதே வேலை. துளையில் தண்ணீர் விட்டுக்கொண்டே டிரில் போடச் சொல்லுங்கள். பாதித் தூசி அங்கேயே அடங்கும். நல்ல என்95 முகக்கவசமும் கண்ணாடியும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். ‘பழக்கம்தான் சார்’ என்று மறுப்பார்கள். போட்டால்தான் வேலை என்று சொல்லுங்கள்.

உடைத்த கல்லை வெளியே ஏற்றி அனுப்ப அனுமதி வேண்டுமா? என் பட்டா நிலம்தானே?

வேண்டும். பட்டா உங்களுடையதாக இருந்தாலும் கருங்கல் சட்டப்படி சிறுகனிமம். 1957-ஆம் ஆண்டு கனிமச் சட்டமும் 1959-ஆம் ஆண்டு தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளும் இதற்குப் பொருந்தும். நடைச்சீட்டு, அதாவது கல்லை ஏற்றிச் செல்வதற்கான அனுமதிச் சீட்டு, இல்லாமல் டிப்பரில் கல் போனால் வழியில் வண்டியைப் பிடிப்பார்கள். கிரானைட் குவாரி முறைகேட்டு விவகாரத்துக்குப் பிறகு மேலூர் வட்டாரத்தில் கல் வண்டி என்றாலே நிறுத்திக் கேட்பார்கள். ஏற்றுவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் பேசி, கலெக்டர் அலுவலக வளாகத்தில் இருக்கும் கனிமவளப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள்.

கல் பாதி உங்கள் மனையிலும் பாதி புறம்போக்கிலும் இருந்தால், சர்வேயர் வந்து அளக்கும் வரை சம்மட்டி எடுக்காதீர்கள்.

கல்லில் ஏதோ எழுத்து மாதிரி, குழி மாதிரி இருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

கவலை வேண்டாம், கவனம் வேண்டும். உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் கல்லை யோசிக்காமல் உடைக்கலாம், மதுரையைச் சுற்றி முடியாது. மாங்குளம் குன்றில் நெடுஞ்செழியன் பெயர் சொல்லும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி, விக்கிரமங்கலம், கொங்கர் புளியங்குளம் என்று எத்தனையோ ஊர்ப் பாறைகளில் எழுத்தும் சமணப் படுக்கைகளும் இருக்கின்றன. கீறல் போலத் தெரிவது எழுத்தாக இருக்கலாம். படுக்கை போல வழவழப்பாகச் செதுக்கிய இடம், செங்காவி அல்லது வெள்ளைக் கோட்டுச் சித்திரம், வரிசையான சின்னக் குழிகள், அடியில் முதுமக்கள் தாழி ஓடு, இவற்றில் எது கண்ணில் பட்டாலும் வேலையை நிறுத்திப் போட்டோ எடுத்துத் தாசில்தாருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரியப்படுத்துங்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் எழுத்து தெளிவாகத் தெரியும்.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் தோண்டவோ கட்டவோ தடை. அதற்கும் அப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். அந்த இடங்களை ஒட்டி மனை வாங்குகிறவர்கள் பத்திரம் போடுவதற்கு முன்பே இதை விசாரிக்க வேண்டும்.

கல்லில் மஞ்சள் பூசிக் கும்பிட்ட தடம் இருக்கிறது. விற்றவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஊர்ப் பெரியவர்களிடமும் அந்தக் கல்லைக் கும்பிடும் வகையறாவின் பூசாரியிடமும் நேரில் போய்க் கேளுங்கள். நமக்குப் பாறை, அவர்களுக்குக் கருப்பசாமியாகவோ முனியாண்டியாகவோ இருக்கலாம். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் ஒரு வழி சொல்வார்கள். சில இடத்தில் பிடிமண் எடுத்து வேறிடத்தில் வைப்பார்கள், சில இடத்தில் ‘அது இருக்கட்டும் தம்பி, நீ தள்ளிக் கட்டு’ என்பார்கள். தள்ளிக் கட்டுங்கள்.

வீட்டின் ஒரு மூலை பாறை மேலும் மறு மூலை மண் மேலும் வருகிறது. பாறைதான் பலமாயிற்றே, அப்படியே கட்டலாமா?

அப்படியே கட்டினால் சுவர் நிச்சயம் விரிசல் விடும். மண்ணில் நிற்கும் பக்கம் கொஞ்சமாவது அமரும், பாறைப் பக்கம் அமராது. இரண்டுக்கும் நடுவே சுவர் கிழியும். தனிக் கல்லானால் எடுத்துவிட்டு அந்தக் குழியைக் கான்கிரீட்டால் நிரப்புங்கள், தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு மேலே கட்டாதீர்கள். அடிப்பாறையானால் மறுபக்கத் தூண்களையும் பாறை வரை இறக்க வேண்டியிருக்கும். இதை ஒரு பொறியாளர் இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கூலி எப்படிப் பேசுவது?

பிரேக்கர் வண்டிக்கு மணிக் கணக்கு, அதோடு குறைந்தபட்ச மணி நேரமும் ஏற்றிவரும் செலவும் தனி. கம்ப்ரசர் துளைக்கு அடிக் கணக்கு. கையால் உடைப்பவர்கள் மொத்தமாகவோ, உடைத்துக் குவித்த கல்லுக்கு யூனிட் கணக்கிலோ பேசுவார்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. மொத்தக் கூலி பேசினால் பாறையைச் சுற்றிப் பறித்துக் காட்டிவிட்டுப் பேசுங்கள், இரண்டு பேருக்கும் அதுதான் நியாயம். உடைத்த கல் யாருக்கு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பாதிச் சண்டை அதில்தான் வருகிறது.

உடைத்த கல்லை என்ன செய்யலாம்?

வெளியே அனுப்பாமல் மனையிலேயே பயன்படுத்துவது எல்லா வகையிலும் லாபம். முகம் நன்றாக உள்ளதை அஸ்திவாரக் கட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் எடுத்துவையுங்கள். நீளமாகப் பிளந்ததை வேலிக் கல்லாக ஊன்றலாம், வாசற்படியாகப் போடலாம். அரளைக்கல்லைத் தரைக்கு அடியில் நிரப்பலாம், மழைநீர் உறிஞ்சுகுழிக்கும் போடலாம். வழவழப்பான மேல்தோல் உள்ள ஒரு துண்டு கிடைத்தால் கல் கொத்துபவரிடம் கொடுத்து ஓர் அம்மி அடிக்கச் சொல்லுங்கள். என் வீட்டில் இருப்பது எங்கள் மனையிலிருந்து வந்த கல்தான், தினமும் அதில்தான் அரைக்கிறார்கள்.